பழைய லாரி டீசல் டேங்குக்கு மூச்சுவழி: மூடி ஓட்டையா, வால்வு மூடியா, உயரக் குழாயா?

டீசல் டேங்க் மூடியைத் திறந்ததும் ‘புஸ்ஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால், அந்த டேங்குக்கு மூச்சுவழி இல்லை என்று அர்த்தம். டெல்டாவில் நெல்லும் வைக்கோலும் சவுடும் ஏற்றும் பழைய வண்டிகளில் இது அடிக்கடி காணும் கோளாறு. காரணமும் பெரும்பாலும் ஒன்றுதான். கம்பெனி மூடியில் சிறு துவாரம் இருந்தது. அந்த மூடி தொலைந்துபோனது, அல்லது டீசல் திருட்டுக்குப் பயந்து பூட்டு மூடி வாங்கிப் போட்டார்கள். புதிய மூடி அளவில் சரியாகப் பொருந்தியது. அதில் காற்று போக வழி இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை.

இனி என்ன வைப்பது? மூடியிலேயே ஓட்டை போடலாம், இரண்டு பக்கமும் திறக்கும் வால்வு மூடி வாங்கலாம், டேங்கின் மேல்தட்டிலிருந்து தனிக் குழாய் ஏற்றலாம், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் டப்பா மாட்டலாம். எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தார் ரோட்டை விட்டு இறங்காத வண்டிக்கு நல்ல வால்வு மூடி போதும். வாய்க்கால் கரை, வயலோரக் களம், தண்ணீர் நிற்கும் தரைப்பாலம் என்று போகும் வண்டிக்கு உயரக் குழாய்தான் சரி. சிலிக்கா ஜெல் லாரிக்கு வேண்டாம். வெறும் ஓட்டை, வேறு மூடி கிடைக்கும்வரை சமாளிக்க மட்டும்.

இங்கே சொல்வதெல்லாம் மெக்கானிக்கல் இன்ஜெக்‌ஷன் பம்ப் வைத்த பழைய டீசல் வண்டிகளுக்கு. புதிய புகை விதிப்படி வந்த பி.எஸ்.6 வண்டியின் டேங்கிலோ, புகையைச் சுத்தம் செய்யும் யூரியாக் கரைசல் டேங்கிலோ கை வைக்காதீர்கள். பெட்ரோல் வண்டிக்கும் இது பொருந்தாது. பெட்ரோல் ஆவியைத் திறந்த குழாயில் வெளியே விடக் கூடாது.

அடைபட்டால் டேங்குக்குள் நடப்பது

இன்ஜின் எரிக்கிற டீசலின் இடத்தைக் காற்று நிரப்ப வேண்டும். பம்பிலிருந்து ரிட்டர்ன் குழாய் வழியாக டேங்குக்குத் திரும்பும் டீசலைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. எரிந்துபோனதற்கு ஈடான காற்று மட்டும் உள்ளே வந்தால் போதும். லோடு வண்டி மணிக்கு 8 லிட்டர் எரித்தால், மணிக்கு 8 லிட்டர் காற்று. அளவு ரொம்பச் சின்னது. அதனால்தான் ஊசி அளவுத் துவாரம்கூட பல வருடம் வேலை செய்துவிடுகிறது, அடைபடும்வரை.

அடைபட்ட பிறகு கணக்கு மாறுகிறது. 160 லிட்டர் டேங்கில் 152 லிட்டர் நிரப்பியிருந்தால் மேலே 8 லிட்டர் காற்றிடம்தான் இருக்கும். 2 லிட்டர் எரிந்ததும் அந்த 8 லிட்டர் காற்று 10 லிட்டர் இடத்தில் பரவுகிறது, அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு இறங்கிவிடுகிறது. கால் மணி நேரத்தில் இது நடந்துவிடும். அதே டேங்கில் பாதிதான் டீசல், மேலே 80 லிட்டர் காற்று என்றால், ஒரு மணி நேரம் ஓடி 8 லிட்டர் எரித்த பிறகும் அழுத்தம் பத்தில் ஒரு பங்குகூட இறங்காது. ஆகவே மூச்சுவழி அடைப்பு, டேங்க் நிறைந்திருக்கும்போது சீக்கிரமும் குறைந்திருக்கும்போது மெதுவாகவும் தலைகாட்டும். இந்த ஒரு குறிப்பு பல பட்டறைச் செலவை மிச்சப்படுத்தும். டேங்க் அடியில் கசடு சேர்ந்திருந்தாலும், உறிஞ்சு குழாயில் விரிசல் இருந்தாலும், கோளாறு டீசல் குறையக் குறையத்தான் அதிகமாகும்.

பத்தில் ஒரு பங்கு அழுத்தம் குறைவது சின்ன விஷயமாகத் தோன்றலாம். 60 செ.மீ.க்கு 50 செ.மீ. உள்ள டேங்க் பக்கத் தகட்டின் மேல் அது கிட்டத்தட்ட 300 கிலோ எடை அழுத்துவதற்குச் சமம். தகடு உள்வாங்குவது இதனால்தான். ஒரு பள்ளம் விழுந்த டேங்கை டிங்கரிடம் கொடுத்து எடுத்துவிடலாம், ஆனால் மூடியை மாற்றாமல் எடுத்தால் மறுபடி விழும். பல தடவை உள்ளே வெளியே போய்வந்த தகடு, உள்தடுப்புத் தகட்டின் வெல்டிங் ஓரத்தில் விரிசல் விட்டு டீசல் கசிய ஆரம்பிக்கும்.

தகடு மடங்குவதற்கு முன்பே வேறொன்று நடக்கும். டேங்கிலிருந்து டீசலை இழுத்து அனுப்பும் ஃபீட் பம்ப் இழுக்க முடியாமல் திணறும்போது, குழாய் இணைப்புகளில் எந்தச் செம்பு வாஷர் பலவீனமோ அதன் வழியாக வெளிக்காற்றை இழுக்கும். வண்டி இழுவை இல்லாமல் போகும், இன்ஜின் குலுங்கும், கடைசியில் நிற்கும். ‘ஏர் எடுக்குது’ என்று சொல்லி வாஷரையெல்லாம் மாற்றுவார்கள், கைப்பம்பை அடித்து ஏர் லாக் (குழாயில் சிக்கிய காற்று) எடுப்பார்கள். நிறுத்தி வைத்த நேரத்தில் டேங்குக்குள் மெல்லக் காற்று கசிந்து அழுத்தம் சமமாகியிருக்கும், வண்டி கிளம்பிவிடும். கோளாறு தீர்ந்ததுபோல இருக்கும், இருபது கிலோமீட்டரில் திரும்ப வரும்.

உறுதி செய்வது எளிது. டேங்க் முக்கால் பங்குக்கு மேல் இருக்கும்போது லோடோடு ஓட்டிப் பாருங்கள். இழுவை குறைந்ததும் ஓரம் கட்டி, இன்ஜினை அணைக்காமல் மூடியைத் திறங்கள். காற்று இழுக்கும் சத்தம் கேட்டு, ஒன்றிரண்டு நிமிடத்தில் இன்ஜின் சீரானால் மூச்சுவழிதான். சத்தம் இல்லை, மாற்றமும் இல்லை என்றால் ஃபில்டர், ஃபீட் பம்ப் சல்லடை, உறிஞ்சு குழாய் ஆகியவற்றைப் பாருங்கள். ராத்திரி மழையில் இந்தக் கோளாறு சீக்கிரம் வரும், மத்தியான வெயிலில் தாமதமாகும். வெயிலில் டேங்குக்குள் இருக்கும் காற்று விரிந்து குறையை ஓரளவு ஈடுகட்டுவதே காரணம்.

மூடியில் ஓட்டை

ஆணியைக் காய்ச்சிக் குத்துவது, ஒன்றரை மி.மீ. பிட்டால் துளைப்பது, ரப்பர் வாஷரில் ஒரு ஓரத்தை வெட்டிவிடுவது: எல்லாம் ஒரே வகை. உடனே வேலை செய்யும். வழியில் நின்ற வண்டியை ஊர் கொண்டுவந்து சேர்க்க இது போதும், அதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை.

நிரந்தரமாக விட்டால் மூன்று விதத்தில் கெடுக்கும். முதலாவது தூசி. சம்பா அறுவடை நடக்கும் தை, மாசியில் கொள்முதல் நிலையத்து வாசலில் நெல் தூற்றும்போது பறக்கும் சொனையும் பதரும் டீசல் ஈரத்தில் ஒட்டிப் பசையாகி ஓட்டையை அடைக்கும். இரண்டாவது, டேங்க் நிறைந்திருக்கும்போது டீசல் தளும்பி மூடி மேல் வரும். ரோட்டை விட்டு ஒரு பக்கம் சாய்த்து நிறுத்தி மூட்டை ஏற்றுவது இங்கே தினசரி வழக்கம். டேங்க் இருக்கும் பக்கம் தாழ்ந்தால் டீசல் சொட்டிக்கொண்டே இருக்கும். மூன்றாவதுதான் பெரியது: தண்ணீர். வாஷர் ஓரத்தை வெட்டுவது இதில் மிக மோசம். மூடியின் கிண்ணத்தில் தேங்கும் மழைநீர், டீசல் ஊற்றும் கழுத்துக்குள் நேராக இறங்க அது வாசல் திறந்து வைக்கிறது.

ஓட்டைதான் போடுவது என்று முடிவானால் மூடியின் மேல்முகத்தில் போடாதீர்கள். ஓரச் சுவரில், கீழ்நோக்கிச் சாய்வாக, 2 மி.மீ. அளவில் போடுங்கள். உள்பக்கம் ஒரு சிறு தகடு தடுப்பாக இருந்தால் தளும்பல் நேராக வந்து அடிக்காது. மூடியைக் கழற்றித் தனியே வைத்துத் துளைக்க வேண்டும். டேங்க் மேலேயே மாட்டி வைத்து ட்ரில் போட்டால் இரும்புத்தூள் உள்ளே விழும், தீப்பொறி ஆபத்தும் உண்டு.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது

டீசலில் தண்ணீர் என்றதும் ‘டெல்டாக் காற்றிலே ஈரம் ஜாஸ்தி, அதுதான் டேங்க்கில் தண்ணியாகிறது’ என்பார்கள். கணக்குப் போட்டால் இது நிற்காது. 30 டிகிரி வெப்பத்தில், ஈரம் நிறைந்த ஒரு கன மீட்டர் காற்றில், அதாவது 1,000 லிட்டரில், சுமார் 30 கிராம் நீராவி இருக்கும். நாளுக்கு 40 லிட்டர் டீசல் எரிக்கும் வண்டி 40 லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறது. அதில் உள்ள ஈரம் ஒன்றேகால் கிராம்கூட இல்லை. இரவு பகல் வெப்ப மாற்றத்தால் போய்வரும் காற்றையும் சேர்த்து, அத்தனையும் தண்ணீராக மாறித் தங்கிவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும் மாதத்துக்கு 50 மில்லியைத் தாண்டுவது கஷ்டம். உண்மையில் அதில் ஒரு பகுதிதான் நீராகும்.

டேங்க் அடியைத் திறந்தால் அரை லிட்டர், ஒரு லிட்டர் தண்ணீர் வருகிறதே, அது எப்படி? அது மூடி வழியாகத் திரவமாகவே போன தண்ணீர். அல்லது பேரலிலிருந்து ஊற்றிய டீசலோடு வந்தது. மூடி வழியாகப் போகும் விதத்தைத் தெரிந்துகொண்டால், எந்த மூச்சுவழி வேண்டும் என்ற கேள்விக்கே விடை கிடைத்துவிடும்.

ரிட்டர்ன் டீசல் சூடாகத்தான் வரும். ஓடி வந்த வண்டியின் டேங்குக்குள் காற்று 45 டிகிரியில் இருக்கிறது என்று வையுங்கள். வந்ததும் வாய்க்காலோரம் நிறுத்தி வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறார்கள். காற்று சில நிமிடத்தில் 28 டிகிரிக்கு இறங்கினால் அதன் கொள்ளளவு இருபதில் ஒரு பங்கு சுருங்கும். டேங்கில் 100 லிட்டர் காற்று இருந்தால் 5 லிட்டருக்கான இழுப்பு. மூடியின் கிண்ணத்திலும் சாவித் துவாரத்தைச் சுற்றியும் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் அந்த இழுப்பில் முதலில் உள்ளே போகும். ஐப்பசி மழை திடீரென்று பிடித்தாலும் இதேதான் நடக்கிறது. தண்ணீருக்குள் இறங்கும் வண்டிக்கு இன்னும் மோசம். உடைப்பு எடுத்த வாய்க்கால், முழங்காலளவு தண்ணீர் ஓடும் தரைப்பாலம் என்று டேங்க் அடி நனைந்தாலே காற்று சுருங்கி இழுக்க ஆரம்பிக்கும், மூடியிலும் அலை அடிக்கும்.

ஆக, நாம் காக்க வேண்டியது காற்றின் ஈரத்திலிருந்து அல்ல. மூச்சு இழுக்கும் வாய் தண்ணீர் தேங்கும் இடத்தில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

வால்வு மூடி

இந்த மூடிக்குள் ஸ்பிரிங்கும் ரப்பர் தட்டும் வைத்த சின்ன வால்வு இருக்கும். டேங்குக்குள் லேசாக அழுத்தம் குறைந்தால் உள்ளே காற்று விடும், வெயிலில் டீசல் விரிந்து அழுத்தம் கூடினால் வெளியே விடும். மற்ற நேரம் மூடியிருக்கும். அதனால் தளும்பல் வெளியே வருவது குறைவு, தூசி போவதும் குறைவு. எந்த வேலையும் செய்யாமல் வாங்கி மாட்டிவிடலாம் என்பது இதன் பெரிய வசதி.

கடையில் வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். மூடியின் உள்பக்க வால்வு வாயில் சுத்தமான துணி வைத்து வாயால் ஊதுங்கள், பிறகு உறிஞ்சுங்கள். இரண்டு திசையிலும் லேசான தடையோடு காற்று போக வேண்டும். ஊதினால் மட்டும் போகிறது, உறிஞ்சினால் போகவில்லை, அல்லது தலைகீழ் என்றால் அது ஒருவழி வால்வு, வேண்டாம். பழைய மூடியை மட்டும் இப்படி வாய் வைத்துச் சோதிக்காதீர்கள், டீசல் உள்ளே போகும். அதற்குச் சைக்கிள் பம்ப் போதும். இரண்டாவது, கழுத்தில் உட்காரும் ரப்பர் வாஷர் நைட்ரைல் ரகமாக இருக்க வேண்டும். சாதாரண ரப்பரும் சைக்கிள் டியூபில் வெட்டிய வாஷரும் டீசலில் ஊறி உப்பிவிடும். உப்பிய வாஷர் பிதுங்கி வால்வு வாயையே மூடிய மூடிகள் உண்டு.

குறை என்னவென்றால், வால்வு ரப்பர் ஒட்டிக்கொள்ளும். டீசல் காய்ந்து பிசினாகி, தூசியும் சேர்ந்தால் தட்டு எழும்பாது. வேதாரண்யம் பக்கம் உப்பு ஏற்றும் வண்டிகளில் ஸ்பிரிங் துருப்பிடித்து அறுந்துபோவதும் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மூடியைக் கழற்றி டீசலில் அலசி, ஊதிப் பார்த்து மாட்ட வேண்டும். இதைச் செய்ய ஆள் இல்லாத வண்டிக்கு வால்வு மூடி இன்னொரு அடைபட்ட மூடியாகத்தான் முடியும். தண்ணீர் விஷயத்திலும் பாதிப் பாதுகாப்புதான். வால்வு திறந்து இழுக்கும் அந்த நேரத்தில் மூடி மேல் தண்ணீர் நின்றால் அதையும் இழுக்கத்தான் செய்யும். கழுவும்போது மூடி மேல் பாலிதீன் பையைப் போட்டுக் கட்டுவது நல்ல பழக்கம். கழுவி முடித்ததும் மறக்காமல் எடுத்துவிட வேண்டும்.

உயரக் குழாய்

டேங்க் மேல்தட்டிலிருந்து குழாய் எடுத்து, கேபின் பின்சுவரை ஒட்டி மேலே கொண்டுபோய், வாயைக் கீழ்நோக்கி வளைத்து விடுவது. மூடி முழுக்க அடைப்பான பூட்டு மூடியாகவே இருக்கலாம். டீசல் திருட்டுக்கும் மூச்சுக்கும் இனி ஒன்றோடொன்று தகராறு இல்லை. அரை நாள் பட்டறை வேலை, மூன்று மீட்டருக்குள் குழாய். செலவு ஒரு தடவைதான். வயலுக்கு இறங்கும் வண்டிக்கு இதைவிட நல்ல வழி கிடையாது என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை.

முதல் கேள்வி, டேங்கில் எங்கே துளை போடுவது? டேங்கில் போடவே வேண்டாம். டீசல் இருந்த டேங்கில் ட்ரில்லிங்கும் வெல்டிங்கும் உயிருக்கு ஆபத்து. காலி டேங்க் இன்னும் ஆபத்து, உள்ளே முழுக்க ஆவிதான். இந்தியத் தரப்படி டீசலின் தீப்பற்று வெப்பநிலை 35 டிகிரிக்குக் குறையக் கூடாது. சித்திரை மத்தியானம் டேங்க் அதைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். துளைக்க வேண்டியது டீசல் கேஜுக்கான ஃப்ளோட் யூனிட் உட்கார்ந்திருக்கும் வட்டத் தகட்டை. அதை ஸ்க்ரூ கழற்றி எடுத்து, பட்டறைக்குக் கொண்டுபோய், மேஜை மேல் வைத்துத் துளைக்கலாம்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். டேங்கில் பாதிக்குக் கீழே டீசல் இருக்கட்டும். தகட்டைச் சுற்றியுள்ள மண்ணை முதலில் பிரஷ்ஷால் தள்ளி, பனியன் வேஸ்ட்டால் துடைத்த பிறகே ஸ்க்ரூவில் கை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அத்தனை மண்ணும் டேங்குக்குள்ளே போகும். யூனிட்டை எடுத்ததும் ஓட்டையைச் சுத்தமான துணியால் மூடுங்கள். ஃப்ளோட் கம்பி வளையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வளைந்தால் கேஜ் தப்புக் காட்டும். தகட்டில் மின் இணைப்புக்கும் ஃப்ளோட் கம்பிக்கும் இடிக்காத இடத்தில் துளை போட்டு, இருபக்கமும் நட்டு போடும் பித்தளை யூனியனை (குழாய் இணைப்பான்) செம்பு வாஷரோடு முடுக்குங்கள். திரும்ப மாட்டும்போது பழைய கார்க் பேக்கிங்கை நம்பாதீர்கள், புதிது போடுங்கள். எர்த் வயரை மறந்தால் கேஜ் வேலை செய்யாது.

ஃப்ளோட் தகடு டேங்கின் நடுப்பகுதியில் இருந்தால் மிகவும் நல்லது. வண்டி சாயும்போது ஓரத்தில் இருக்கும் துளை டீசலில் மூழ்கும், நடுவில் இருப்பது தப்பிக்கும். 60 செ.மீ. அகல டேங்க் 10 டிகிரி சாய்ந்தால் ஓரத்தில் டீசல் மட்டம் 5 செ.மீ.க்கு மேல் ஏறும்.

குழாய்க்கு ஏர் பிரேக் நைலான் குழாயைச் சிபாரிசு செய்கிறோம். எந்த லாரி ஸ்பேர்ஸ் கடையிலும் கிடைக்கும், டீசலுக்குக் கெடாது, வெயிலையும் தாங்கும். 12 மி.மீ. வெளிவிட்டமும் 9 மி.மீ. உள்விட்டமும் உள்ள அளவை வாங்குங்கள். மணிக்கு 8 லிட்டர் காற்றுக்கு 3 மி.மீ. போதாதா என்று கேட்கலாம். காற்றுக்குப் போதும். ஆனால் அவ்வளவு மெல்லிய குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் குறுக்கே நின்று அடைத்துவிடும். 8, 9 மி.மீ. குழாயில் சொட்டு நிற்காமல் வடிந்து இறங்கும். வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்குப் போடும் கண்ணாடி பி.வி.சி. டியூப் வேண்டவே வேண்டாம். டீசலில் விறைத்து, வெயிலில் தொய்ந்து, வளைவில் மடங்கி அடைத்துக்கொள்ளும்.

டேங்குக்கும் சேஸிஸுக்கும் இடையே அசைவு இருப்பதால் அங்கே ஒரு முழ நீளம் நைட்ரைல் டீசல் ஹோஸ் போட்டு, பிறகு நைலான் குழாயில் சேருங்கள். சேஸிஸிலிருந்து கேபின் பின்னால் ஏறும் இடத்திலும் அசைவுக்கு ஒரு கை அளவு விட்டுப்பிடியுங்கள். பழைய கேபின் குலுங்கும், விறைப்பாகக் கட்டினால் யூனியனில் முறியும். 30, 40 செ.மீ.க்கு ஒரு கிளிப். சைலன்சரிலிருந்தும் செல்ஃப் மோட்டார் வயரிலிருந்தும் ஒரு சாண் தள்ளியே கொண்டுபோக வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியம் சரிவு. டேங்கிலிருந்து உச்சிவரை குழாய் ஏறிக்கொண்டே போக வேண்டும், எங்கும் தொய்வு கூடாது. தொய்ந்த இடத்தில் தளும்பிய டீசல் தேங்கும். 30 செ.மீ. ஆழத்துக்குத் தேங்கிய டீசலைத் தள்ளிக்கொண்டு காற்று வர வேண்டுமென்றால், முன்பு சொன்ன பக்கத் தகட்டின் மேல் சுமார் 75 கிலோ அழுத்தம் உருவான பிறகுதான் வரும். குழாய் போட்டும் ‘புஸ்ஸ்’ சத்தம் நிற்கவில்லை என்று புகார் வரும் வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது இந்தத் தொய்வைத்தான்.

வாய் எவ்வளவு உயரத்தில்? கேபின் பின்பக்கக் கண்ணாடியின் கீழ்விளிம்பு மட்டம் போதும். அந்த அளவுக்குத் தண்ணீர் ஏறும் இடத்தில் வண்டியே ஓடக் கூடாது. வாயை யு வடிவில் கீழ்நோக்கி வளைத்து விடுங்கள், வளைவுக்குப் பிறகு 10 செ.மீ. தொங்கினால் போதும். சிலர் அழகுக்காக வாயைத் திரும்ப சேஸிஸுக்குக் கீழே வரை இறக்கிவிடுகிறார்கள். நிரப்பிய டேங்க் வெயிலில் நிற்கும்போது விரிந்த டீசல் குழாய் முழுக்க நிறைந்து வாய் வழியாக வந்துவிட்டால், வாய் டேங்கின் டீசல் மட்டத்துக்குக் கீழே இருக்கும்பட்சத்தில் அது சைபன் ஆகி இறைத்துக்கொண்டே இருக்கும். வாய் டேங்குக்கு மேலே இருந்தால் இந்தப் பிரச்சினையே கிடையாது.

வாயில் தடுப்பு ஒன்று கட்டாயம் வேண்டும். மண்குளவி இப்படிப்பட்ட குழாய் வாயைக் கண்டால் இரண்டு நாளில் மண்ணால் அடைத்துவிடும். பைக்குக்குப் போடும் நைலான் வலை பெட்ரோல் ஃபில்டரை வாய் கீழ்நோக்கி இருக்குமாறு மாட்டினால் போதும். காகித ஃபில்டர் போடாதீர்கள், ஒரு மழையில் நனைந்தால் காற்று விடாது. அறுவடை சீசனுக்கு ஒன்று என்று மாற்றிவிடுங்கள்.

வேலை முடிந்ததும் டேங்கை நிரப்பிச் சோதியுங்கள். மூடியைப் பூட்டி, குழாய் வாயில் சைக்கிள் பம்பால் மெதுவாக இரண்டு மூன்று தடவை அடித்து, விரலால் மூடிப் பிடித்துக்கொண்டு, மூடி ஓரத்திலும் ஃப்ளோட் தகட்டிலும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். அதற்குமேல் அடிக்காதீர்கள், டேங்க் அழுத்தத்துக்குச் செய்ததல்ல. குமிழி வந்தால் அந்த வழியாகத்தான் நாளை தண்ணீரும் போகும். விரலை எடுத்ததும் காற்று தடையில்லாமல் வெளியே வர வேண்டும். பிறகு ஒரு மணி நேரம் ஓட்டி வந்து மூடியைத் திறங்கள். சத்தம் எதுவும் இருக்கக் கூடாது.

இந்தக் குழாய் ஓட்டத்துக்கான மூச்சுக்கு மட்டும். பங்க்கில் நிமிடத்துக்கு 40 லிட்டர் வேகத்தில் டீசல் இறங்கும்போது அதே அளவு காற்று வெளியேற வேண்டும், அது கழுத்தின் வழியாகத்தான் போகும். அதனால் கழுத்துச் சல்லடை அடைபட்டிருந்தால் டீசல் கொப்பளித்துத் தெறிக்கும். குழாய் போட்டுவிட்டோமே, ஏன் இப்படி என்று குழம்ப வேண்டாம், சல்லடையைக் கழுவுங்கள். வாய்வரை நிரப்பவும் வேண்டாம். 160 லிட்டர் டேங்கில் டீசல் 15 டிகிரி சூடேறினால் சுமார் 2 லிட்டர் விரியும். தளும்பலுக்கும் சேர்த்து 152 லிட்டரோடு நிறுத்துவது நல்லது.

உயரக் குழாய் சரிப்படாத வண்டியும் உண்டு. வைக்கோல் லாரிக்குக் கேபின் பின்னால் குழாய் வாயை விட்டால், கேபினைத் தாண்டித் துருத்தும் கட்டுக்குள் அது புதைந்துவிடும். வாய் அடைபடுவது ஒரு பக்கம், டீசல் ஆவி காய்ந்த வைக்கோலுக்குள் போவது இன்னொரு பக்கம். அப்படிப்பட்ட வண்டிக்குக் குழாயைக் கேபின் தரை மட்டத்தோடு நிறுத்தி, சைலன்சருக்கு எதிர்ப்பக்கம் சேஸிஸின் உட்பக்கமாக, டேங்க் மேல்தட்டுக்கு மேலேயே இருக்குமாறு வாயை விடுங்கள். அதுவும் முடியாவிட்டால் வால்வு மூடியே மேல்.

கரை ரோட்டில் ஓடும் வண்டிக்கு இன்னொன்று சேர்க்க வேண்டும். மழைக்காலத்தில் மண் கரை இளகி லாரி வாய்க்காலுக்குள் சாய்வது இங்கே நடக்கிற விஷயம். கவிழ்ந்த வண்டியின் திறந்த 9 மி.மீ. குழாய் வழியே டேங்க் முழுக்க வடிந்துவிடும். அது போய்ச் சேருவது நாற்றங்காலுக்கு. குழாய் டேங்கிலிருந்து கிளம்பும் இடத்தில் ரோல் ஓவர் வால்வு ஒன்றை நிமிர்ந்த நிலையில் மாட்டுங்கள். நேராக நிற்கும்போது உள்ளே இருக்கும் குண்டு கீழே உட்கார்ந்து காற்று விடும், கவிழ்ந்தால் வாயை அடைக்கும். படுக்கைவாக்கில் மாட்டினால் எப்போதும் பாதி அடைத்தே கிடக்கும், கவனம்.

சிலிக்கா ஜெல்லும் இரட்டை டேங்க்கும்

ஈரம் உறிஞ்சும் டப்பா, மாதக்கணக்கில் டீசல் நிற்கும் பெரிய சேமிப்பு டேங்குக்கு நல்லது. லாரிக்கு வேண்டாம் என்பதற்கு மேலே போட்ட கணக்கே காரணம்: மாதத்துக்கு 50 மில்லிகூட இல்லாத ஈரத்தைத் தடுக்க அது பாடுபடும். ஐப்பசி, கார்த்திகைக் காற்றில் மணிகள் சீக்கிரமே நிறம் மாறித் தீர்ந்துபோகும். குலுக்கலில் தூளாகி அடைக்கவும் செய்யும். அந்தக் காசுக்குத் தண்ணீர் பிரிக்கும் செடிமெண்டர் கிண்ணம் வாங்கி மாட்டுங்கள். எந்த மூச்சுவழி வைத்தாலும் மழைக்காலத்தில் வாரம் ஒரு நாள், விடிகாலையில் வண்டியை எடுக்குமுன், டேங்க் அடி நட்டைத் தளர்த்தி அரை லிட்டரைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பத்து நிமிடம் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தெரியும். தெளிந்த டீசல் மட்டும் வரும்வரை இறக்குங்கள்.

இரண்டு டேங்கை அடிக்குழாயால் இணைத்த வண்டியில் ஒன்றுக்கு மட்டும் மூச்சுவழி இருந்தால், அடைபட்டதில் டீசல் இறங்காமல் அப்படியே நிற்கும். கேஜ் அந்த டேங்கில் இருந்தால் பாதி டேங்க் காட்டிக்கொண்டே வண்டி நின்றுவிடும். இரண்டுக்கும் தனித்தனி ஹோஸ் எடுத்து, டேங்குகளுக்கு மேலே ஒரு ‘டி’ யூனியனில் சேர்த்து, அங்கிருந்து ஒரே குழாயாக ஏற்றுங்கள்.

எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. (தகுதிச் சான்று) உண்டு. அதற்குப் போகுமுன் குழாய் முழுவதும் கிளிப்பில் இருக்கிறதா, எங்காவது டீசல் ஈரம் படிந்திருக்கிறதா, மூடி இறுக்கமாக உட்காருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.